எல்லாருக்கும் தெரிந்த கடவுச்சொல்

எங்கள் துறைக் கணினியில் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்தான்: எங்கள் ஆய்வுக்கு கைடாக இருந்த பேராசிரியர் ஓட்டிவந்த ஸ்கூட்டரின் எண். வண்டி வாசலிலேயே நிற்கும். மறந்துபோனவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சிதம்பரத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த அன்றே சீனியர் ஒருவர் இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் கோப்புக்கும் அதையே வைத்தேன். வேறு வைத்தால் மறந்துவிடும் என்று ஒரு சாக்கு, உண்மையில் சோம்பல்.

என் ஆய்வு, காசநோய் வந்து குணமான பெண்களைப் பற்றியது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒருத்தி பேச ஒப்புக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டவள். நோய் போய்விட்டது. புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியார் ரேஷன் கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து என்னை வரச் சொன்னாள்.

"இதுல எம்பேரு வருமாக்கா?"

"வராதும்மா. நம்பர்தான் போடுவேன். என்னைத் தவிர யாரும் பாக்க முடியாது."

நம்பர்தான் போட்டேன். மறுபடி தேடிப் போக வசதியாக இருக்கட்டுமென்று, பக்கத்துக் கட்டத்தில் பேரையும் தெருவையும் சேர்த்துப் போட்டேன். எனக்கு வசதி முக்கியம்.

துறையில் என்னோடு ஆய்வு செய்த ஒருவர் அதே ஊர்க்காரர். அட்டவணை எப்படிப் போடுவது என்று பார்க்க, நான் இல்லாத ஒரு நாள் என் கோப்பைத் திறந்திருக்கிறார். நாங்கள் எல்லாருமே அப்படித் திறப்பவர்கள்தான். பேரும் தெருவும் அவருக்குத் தெரிந்தவையாக இருந்தன. அவளுடைய கணவன் அவருக்குச் சித்தப்பா மகன்.

"எங்கம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றார் பிறகு.

அறையலாம் போல் கோபம் வந்தது. ஆனால் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தவள் நான்.

விஷயம் தெரிந்ததும் புகுந்த வீட்டார் குழந்தையை வைத்துக்கொண்டு, அவளை மட்டும் கடலூரிலிருந்த அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமானவரிடமிருந்து நோய் ஒட்டாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு மாமியாரிடம் போனேன். அந்தம்மா காகிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. பிள்ளை உள்ளே அழுதுகொண்டிருந்தது.

பிறகு கடலூர் போனேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்னாள். பிள்ளையைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்ததைச் சொன்னேன், அழுததைச் சொல்லவில்லை. டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "என்னை அதுலேருந்து எடுத்துடுங்கக்கா" என்றாள்.

அவள் கண்ணெதிரிலேயே எடுத்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அதற்குள் கோப்பைத் துறைக் கணினியிலிருந்து இதற்குக் கொண்டுவந்து, கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன்: பதினாறு எழுத்து, எந்த வண்டியிலும் எழுதியிராதது. நான் தட்டத் தொடங்கியதும் அவள் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்தவர் ரகசியத்தைப் பார்க்கக் கூடாதென்று. எனக்குக் கண் நிறைந்து எழுத்து மங்கியது. இரண்டு முறை தப்பாக அடித்தேன். அவ்வளவு நேரமும் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுட்டீங்களாக்கா? திரும்பலாமா?"