காகத்துக்கு வைத்த முதல் பிடி

கடற்கரைப் பறவைகளைக் கணக்கெடுக்கத் தன்னார்வலர்கள் தேவை என்று கேள்விப்பட்டதும், கடந்த கோடையில் திண்டுக்கல்லிலிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். மன்னார் வளைகுடாவில் ஒரு சின்னத் தீவு. சுற்றி வர அரை மணி நேரம்கூட ஆகாது.

படகை ஓட்டிய தீவுக் காவலருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

"திண்டுக்கல்லுன்னு சொல்லிட்டு பிரியாணி இல்லாம வந்திருக்கீங்களே தம்பி!"

"புளிச்சோறு இருக்குண்ணே, அம்புட்டுதான்" என்றேன்.

மீன் வாடைக்கு இரண்டு காகங்கள் படகுக்குப் பின்னாலேயே வந்தன. அவர் துண்டை வீசி வீசி விரட்டினார். வழியெல்லாம் நூறு கேள்வி கேட்ட நான், ஏன் விரட்டுகிறார் என்று மட்டும் கேட்கவில்லை.

அவருடைய அப்பா காலத்தில் தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி, சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஏற்றினார்களாம். பாறை போனதும் அலை உள்ளே புகுந்து பாதித் தீவை அரித்துவிட்டது. "எங்காளுக வெட்டுனதுக்கு இப்ப நான் காவலு" என்று சிரித்தார்.

மிச்சமிருந்த மணலில்தான் ஆலா என்கிற கடற்பறவைகள் முட்டையிட்டிருந்தன. கூடு என்று எதுவும் இல்லை. மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மணல் நிறத்திலேயே இரண்டு முட்டைகள். மொத்தம் பதினொரு குழிகள் எண்ணினோம்.

மதியம் அவர் படகைப் பார்க்கப் போனார். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். எங்கள் வீட்டில் காகத்துக்கு வைக்காமல் யாரும் வாயில் சோறு வைக்க மாட்டோம். கை தானாகவே ஒரு பிடியை மணலில் வைத்தது. "கா... கா..." என்று கூப்பிட்டும் விட்டேன்.

படகுக்குப் பின்னால் வந்த அதே இரண்டு காகங்களும் இறங்கின. சோற்றைக் கொத்தின. எனக்குச் சந்தோஷம்கூட. அடுத்த நிமிடம் ஒன்று தத்தித் தத்திப் போய் ஒரு குழிக்குள் அலகை இறக்கியது. மஞ்சள் கரு வழிந்தது. ஆலாக்கள் தலைக்கு மேல் கிறீச்சிட்டன.

"அடப்பாவி! காக்காயவாடா கூப்பிட்ட?" என்று அவர் ஓடி வந்தார். மணலை வாரி இறைத்து விரட்டுவதற்குள் மூன்று குழிகள் காலி. கணக்குத் தாளில் பதினொன்றை அடித்து எட்டு என்று எழுதினேன்.

இன்றும் அம்மா மொட்டை மாடியில் சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிடுகிறார். எங்கள் வீட்டில் புண்ணியமாக இருக்கிற அதே குரல், அந்த மணலில் மூன்று குழிகளைக் காலி செய்தது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.