ரெண்டு கையும் மேலே

என் தங்கச்சி மகதலேனாவப் பத்தி, "அவளா, ஏதோ கொஞ்சம் பியானோ வாசிப்பா"ன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். கொஞ்சமா? இருபத்திரண்டு ரயில்வேக்காரனுங்கள எதிர்ல உக்கார வச்சு, குச்சியப் புடிச்சு மேய்ச்சவய்யா அவ! நான் கிரிகரி, அவளோட அண்ணன். ரயில்ல கார்டு வேலை, எங்க ரயில்வே பேண்டுல பெரிய டிரம் அடிக்கிறவன். நான் பண்ணுன கோளாறும் இந்தக் கதையில இருக்கு, மறைக்க மாட்டேன்.

நாங்க கோலாலம்பூர் பக்கத்துல கிள்ளான்ல பொறந்தவங்க. அப்பாவுக்குத் தண்டவாளத்துல கல்லு போடற வேலை. கான்வென்ட்ல மகதலேனாவச் சும்மா படிக்க வச்சாங்க, அதுக்குப் பதிலா பியானோவுல தூசி தொடைக்கணும். தொடைச்சா சத்தம் வரத்தானே செய்யும்? ஒவ்வொரு கட்டையா தொடைச்சுத் தொடைச்சு, ஒரு நா மாதா பாட்டு ஒண்ண முழுசா தொடைச்சு முடிச்சுட்டா. வாசல்ல நின்னு கேட்ட மதர், "துணி எங்கடி?"ன்னாங்களாம். துணி அவ தோள்ல கெடந்துச்சு. மறுநாள்லேருந்து அவளுக்குப் பாடம் ஆரம்பிச்சுட்டாங்க.

பத்தொம்பது வயசுல கோலாலம்பூர்ல ஒரு படக்கொட்டகையில அவளுக்கு வேலை கெடச்சுது. அப்பல்லாம் படம் பேசாது. தெரைக்குக் கீழ உக்காந்து, சண்டைக்கு ஒரு மாதிரி, அழுகைக்கு ஒரு மாதிரி இவதான் வாசிப்பா. ரீல் அடிக்கடி அறுந்து போகும். கைய அப்படியே நிறுத்துவா, படம் திரும்ப வந்ததும் விட்ட எடத்துலேருந்து ஒரு மயிரிழை பிசகாம புடிப்பா. "பொம்பளப் புள்ளைக்கு இருட்டுக் கொட்டகையில என்ன வேலை?"ன்னு நாங்க குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்க ஒரே பேச்சு. அவ காதுலயே போட்டுக்கல.

எட்டு வருஷம் அப்படிப் போச்சு. அப்புறம் பேசற படம் வந்துச்சு. நாசமாப் போன படம்! முதலாளி, "இனிமே நீ வேணாம்மா"ன்னுட்டாரு. அவ வீட்டுக்கு வந்தா, கைகால் கழுவுனா, "அண்ணே, உங்க பேண்டு மாஸ்டர் ஊருக்குப் போயிட்டாராமே, இப்ப யாரு நடத்தறது?"ன்னு கேட்டா.

"யாரும் இல்ல."

"நான் நடத்தறேன்."

நான் சிரிச்சேன். தப்புதான். "பொம்பள நின்னு கைகாட்ட, ஆம்பளைங்க நாங்க ஊதணுமா? போய் சோத்தப் போடு"ன்னேன். அவ சோத்தப் போட்டா. மறுநாள் காலையில பேண்டு செயலாளர் கார்த்திகேசு ஐயா முன்னால போய் நின்னுட்டா. யாழ்ப்பாணத்து ஆளு, கணக்கா பேசுவாரு. "ஒரு கச்சேரி தாறன் பிள்ளை. கிறிஸ்மஸ் வாரத்தில. அது பிசகினா சிங்கப்பூரிலயிருந்து மாஸ்டரைக் கூப்பிடுவன், பிறகு என்னட்ட வரக்கூடாது"ன்னாரு. அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஒரு கச்சேரிதான்.

ஒத்திகை ஆரம்பிச்சுது. முதல் பாதி நல்லாவே போச்சு. பாட்டு உச்சிக்கு ஏறுற எடத்துல, இன்னும் சத்தமா வாங்கன்னு மகதலேனா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குனா. டப்புன்னு அத்தனை பேரும் நிறுத்திட்டோம்! முதல்ல நின்னது என் டிரம்முதான். "ஏன் நிறுத்துனீங்க?" யாருக்கும் தெரியல. மறுபடியும் வாசிச்சோம். கை மேல போச்சு, மறுபடியும் நின்னுட்டோம். மூணாவது தடவை, கார்னட் ஊதற எஞ்சின் டிரைவர் கன்னையா கெக்கேபிக்கேன்னு சிரிச்சுட்டான்.

அவ மூஞ்சி செவந்து போச்சு. வீட்டுக்கு வந்து என்னைப் புடிச்சு உலுக்கிட்டா. "வேணும்னே பண்றீங்க. அடுத்தவன் பண்ணா சரி, நீயுமாண்ணே?" மாதா சத்தியமா இல்லடின்னேன். அவ நம்பல. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல.

மறுநாள் நான் சாப்பாட்ட மறந்துட்டுப் போயிட்டேன். கோவத்தோட கோவமா அவ அத யார்டுக்குத் தூக்கிட்டு வந்தா. அந்த நேரம் பாத்து ஒரு எருமை தண்டவாளத்துல வந்து நிக்குது. கன்னையாவோட எஞ்சின் பெட்டிங்களத் தள்ளிக்கிட்டுப் பின்பக்கமா வருது, எருமை அவன் கண்ணுல படல. கையில கொடி இல்ல. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குனேன். எஞ்சின் கிறீச்சுன்னு நின்னுச்சு.

திரும்பிப் பாத்தா மகதலேனா சாப்பாட்டுச் சட்டியக் கீழ வச்சுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. அப்பத்தான் எனக்கும் ஒறைச்சுது. ரெண்டு கை மேல போனா, ஆபத்து, நிறுத்து! பேண்டுல எல்லாரும் ரயில்வே ஆளுங்க. இருபது வருஷப் பழக்கம், உடம்பு மூளையக் கேக்காமலே நின்னுரும். பழைய மாஸ்டர் ஒரு கையாலயே ஆட்டுவாரு, இன்னொரு கை எப்பவும் கோட்டுப் பையில. அதனால எங்களுக்கே தெரியாமப் போச்சு.

"அண்ணே, மத்த கைஜாடையும் சொல்லிக் குடு"ன்னா. ஒரு கை நீட்டி அசையாம நின்னா வா, மேலயும் கீழயும் ஆட்டுனா மெதுவா வா. எல்லாத்தயும் கத்துக்கிட்டா. அதுக்கப்புறம் அவ கை தோளத் தாண்டவே இல்ல. ஒத்திகையில நாங்க ஒரு தடவ கூட நிக்கல.

கச்சேரி அன்னைக்கு மண்டபம் நெறஞ்சு போச்சு. கார்த்திகேசு ஐயா முன் வரிசையில, பக்கத்துல வெள்ளைக்கார அதிகாரிங்க. எப்படா முடியும்னு இருந்துச்சு எனக்கு. கடைசிப் பாட்டுல நான் தாளத்த விட்டு வேகமா ஓட ஆரம்பிச்சேன். ஆமா, நான்தான்! டிரம் ஓடுனா கார்னட்டும் பின்னால ஓடும், கிளாரினெட் எங்கயோ பின்தங்கிடுச்சு. மெதுவா, மெதுவான்னு அவ கை ஆட்டுனாளாம். நான் பாட்டு எழுதுன காகிதத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன், அவளப் பாக்கவே இல்ல. பாட்டு சிதறுது. போச்சு, என் தங்கச்சி பொழப்ப நானே கெடுத்தேன்னு நெனச்சுத் தல நிமிந்தேன்.

மகதலேனா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குனா.

இருபத்திரண்டு பேரும் ஒரே மூச்சுல நின்னோம். மண்டபத்துல ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. அவ அவசரப்படல. எங்க ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாத்தா, கடைசியா என்னைப் பாத்தா. அறுந்த ரீலுக்குக் காத்திருந்தவளாச்சே! அப்புறம் ரெண்டு கையையும் மெல்ல எறக்கி, ஒரு கைய மட்டும் நீட்டுனா, வா! உச்சி எடத்த ஒண்ணா புடிச்சோம் பாருங்க, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. சனம் எழுந்து நின்னு கை தட்டுச்சு.

கார்த்திகேசு ஐயா மேடைக்கு ஏறி வந்தாரு. "அந்த நிறுத்தம் அருமை பிள்ளை. ஆனா அது காகிதத்தில இல்லையே. ஆர் பிழை விட்டது?"

நான் தலையத் தொங்கப் போட்டுட்டேன்.

"யாரும் இல்லைங்க ஐயா. என் பேண்டு அப்படித்தான் வாசிக்கும்"ன்னா மகதலேனா.

என் பேண்டு! அவரு அவளப் பாத்துத் தலையாட்டுனாரு. "அப்ப சிங்கப்பூருக்குக் கடிதம் தேவையில்லை"ன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. டிரம்ம ஒரு ஓரமா வச்சுட்டு, "என்னை மன்னிச்சுரு பாப்பா"ன்னேன்.

அவ குச்சியப் பெட்டியில வச்சு மூடுனா.

"செவ்வாக்கெழமை ஒத்திகை. மத்தவங்க ஆறு மணிக்கு வரட்டும். நீ அஞ்சு மணிக்கே வந்துருண்ணே."