கோடு விழுந்த விரல்கள்

சூளகிரியில் கல்யாண கேசட்டுகளைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றித் தரும் ஸ்டுடியோ வைத்திருந்தேன். ஓசூர் கம்பெனியில் வேலை செய்யும் கலா, தன் கல்யாண கேசட்டோடு அப்பாவையும் கூட்டி வந்தாள். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. இறந்துபோன அவள் அம்மாவுக்கும் அப்படித்தானாம்.

கேசட்டில் ஒவ்வொரு படமும் ஒரு வரி விட்டு ஒரு வரியாக, இரண்டு பாதிகளாக, கண நேரம் முன்பின்னாகப் பதிவாகியிருக்கும். டிவியில் அது தெரியாது. கம்ப்யூட்டரிலோ அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். இரண்டு பாதிகளையும் ஒன்றாகக் குழைத்தேன். கோடு போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பந்தி நடுவே நின்று கலாவின் அம்மா கைகளை ஆட்டும் இடம் வந்ததும், பெரியவர் திரையருகே குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, மகளிடம் சைகையில் ஏதோ சொன்னார்.

"அம்மா என்ன சொல்லுதுன்னு அப்பாவுக்குப் புரியலயாம்ணா," என்றாள் கலா. "விரலெல்லாம் கலங்கிப்போய்க் கெடக்குதாம்."

அந்தக் கையசைவே அந்த அம்மாவின் பேச்சு, அதை நான் குழைத்துக் கெடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுப் படமாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டேன். விரல்கள் தனித்தனியாகத் தெளிந்தன. பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"சாம்பார்ல உப்பில்ல, சமையல்காரனச் சும்மா வுடாதன்னு அப்பாவத் திட்டுதுண்ணா."

அவர் திரையைப் பார்த்துக் கையசைத்துப் பதில் சொன்னார். கண்கள் நிறைந்திருந்தன. அதற்கு நான் அர்த்தம் கேட்கவில்லை.

யாரும் பேசாத காட்சி என்று நினைத்து, அந்த இடத்தை நாதஸ்வரத்தால் நிரப்பி வைத்திருந்தேன். உடனே எடுத்துவிட்டேன். அந்த அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வாசிப்பது மரியாதை இல்லையே.