பூங்காவனத்தின் முப்பது சதக் கடிதம்

1931 ஜனவரி 9: 15 சதம்.
ஏப்ரல் 2: 15 சதம்.
ஜூலை 20: 15 சதம்.
செப்டம்பர் 7: 30 சதம்.

எங்கள் கரும்புத் தீவின் வக்குவா தபால் நிலையத்தில் பூங்காவனம் ஒட்டிய தபால் தலைகள் இவை. முதல் மூன்று கடிதங்களும் ஒவ்வொரு தாள். நான்காவது நான்கு தாள்.

அவள் கணவனை இழந்தவள். ஒன்றரை அர்பான் கரும்பு நிலமும், தெருக்கோடிவரை கேட்கும் சிரிப்பும் அவளுக்கு உண்டு. ஒரே மகன் ராமசந்திரன் மடகாஸ்கரில், தமத்தாவ் நகரத்துத் துணிக்கடையில் வேலை பார்த்தான். “திரும்பி வரட்டுமா, அம்மா?” என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பான். அவள் சொல்ல, தபால் குமாஸ்தாவான நான் எழுதுவேன்: “இங்கே எல்லாம் நலம். நீ உன் வேலையைப் பார்.”

“வேறு ஏதாவது, அக்கா?”

“வேற என்ன இருக்கு, தம்பி?” என்பாள். ஆனால் உடனே போகமாட்டாள். முந்தானை நுனியைச் சுருட்டியபடி சற்று நேரம் நிற்பாள்.

அந்த மே மாதம் அவள் வீட்டுப் பின்னறைக்கு ஒக்குடா என்ற ஜப்பானியர் குடிவந்தார். கப்பல் தச்சர், கால் முறிந்ததால் அவரை இங்கே இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. நான்கு மாதத்தில் நடக்கவும், இந்தத் தீவின் பேச்சான கிரியோல் பேசவும் தேறினார். அவள் வீட்டுக் கதவுகளில் ஒன்றுகூட அதன்பின் கிறீச்சிடவில்லை.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. கப்பல் ஏஜண்டின் ஆள் அலான் வந்து ஒக்குடாவிடம் ஏதோ சொன்னான். ஒக்குடா குனிந்து வணங்கினார், முகமெல்லாம் சிரிப்பு. கிணற்றடியிலிருந்து பூங்காவனம் பார்த்தது அந்தச் சிரிப்பை மட்டும்தான்.

“கப்பல் வந்துட்டுது!” என்று தெருவையே கூட்டிவிட்டாள். ஞாயிறன்று வாழையிலையில் ஏழு கறி. நானும் போனேன். ஒக்குடா எல்லாவற்றையும் சாப்பிட்டார். பாயசத்தில் அவர் கண்ணீர் சொட்டியது.

“கி அரிவே? என்ன ஆச்சு? உறைப்பா?” என்று பதறினாள் பூங்காவனம்.

“இல்ல, அம்மா. கப்பல் இந்த வருஷம் வராது.”

“அடப் பாவி! பின்ன ஏன் சிரிச்சே?”

“எங்க ஊர்ல நம்ம துக்கத்த அடுத்தவங்க தலையில வைக்கமாட்டோம். அதான் சிரிச்சேன்.”

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா, “அப்ப இவ்வளவு தேங்காய் துருவினது அழுகைக்கா?” என்றாள். முதலில் சிரித்தவர் ஒக்குடாதான்.

“சரி, உங்க பாஷையில அழுகைய எப்படிச் சொல்வே?” என்றாள் பூங்காவனம்.

“கனஷீன்னா துக்கம். கி கா ஒமொய்ன்னா மனசு கனக்குது. சபிஷீ...” சுவரில் இருந்த ராமசந்திரன் படத்தைக் காட்டினார். “பக்கத்துல இருக்கவேண்டிய ஆள் இல்லாத வெறுமை.”

“என் பசு கன்றைத் தொலைச்சு நாலு நாளா கனஷீ!” என்றாள் கோவிந்தம்மா. பந்தி முழுவதும் ஆளுக்கொரு துக்கம் சொல்லிச் சிரித்தது. பூங்காவனம் மட்டும் மூன்றாவது சொல்லை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்தாள்.

“எழுது, தம்பி. சபிஷீ.”

“அவனுக்குப் புரியாதே, அக்கா.”

“புரியவை. தமிழ்ல சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு.”

புரியவைக்கத்தான் நான்கு தாள் ஆயிற்று. அவன் தட்டை இன்னும் தினமும் கழுவிவைப்பது, மழை பெய்தால் அவன் கட்டிலை நகர்த்துவது, சமைக்கும்போது கை தானாக இரண்டு பேருக்கு அரிசி அளப்பது. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னாள், கண்ணைத் துடைக்கவில்லை.

பதில் இரண்டே வரி: “எனக்கும் சபிஷீ, அம்மா. டிக்கெட் வாங்கிவிட்டேன்.” அவள் அதைத் தபால் நிலையத்திலேயே நான்கு முறை படிக்கச் சொன்னாள், வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். அடுத்த மார்ச்சில் ஒக்குடாவுக்குக் கப்பல் வந்தபோது, அவர் பெட்டியை ரயிலில் ஏற்றியவன் ராமசந்திரன்தான். அதன்பின் அவன் தாய்க்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை.

அவனுடைய அந்த இரண்டு வரிக் கடைசிக் கடிதம் வக்குவா வந்து சேர்ந்தது 1931 அக்டோபர் 19, திங்கட்கிழமை.