பாலத்தில் மூன்றடி

வீதி அகலிக்கிற கந்தோரில் வேலை என்று சொன்னால், கேட்கிறவர் முதலில் தன் மதிலைத்தான் திரும்பிப் பார்ப்பார். இந்த வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும். நான் அங்கே வரைபடம் கீறுகிறவள். திருகோணமலைப் பட்டினத்து வீதியை அகலித்து, சாம்பல்தீவுப் பக்கப் பாலத்தைப் புதிதாகக் கட்டுகிற திட்டம் எங்கள் மேசைக்கு வந்தது. பழைய பாலத்தில் நடைபாதை இல்லை. தினமும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதில் நடந்துதான் அக்கா வீட்டில் விடுகிறேன். லொறி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். கன்னியர் மடத்தில் படித்த செபமெல்லாம் பாதியில் நின்றுவிடும். புதுப் பாலத்தில் நடைபாதை வராமல் விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன்.

கோடு வருகிறது

வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் அண்ணரோடு வீதி அளக்கப் போனேன். கடைக்கார நானா ஒருவரிடம், உங்கட கடை முன் விறாந்தைக்குள்ளால கோடு வருது என்று பணிவாகத்தான் சொன்னேன். மனிதர் வெளிறிப்போய்க் கடையைப் பூட்டினார். அடுத்த நாள் காலை வழக்குப் பேசுகிற அப்புக்காத்து ஒருவரோடு கந்தோருக்கு வந்து நின்றார். எங்கள் பேச்சில் நீதிமன்றத்துக்கும் கோடு என்றுதானே பெயர்! படத்தை விரித்து, பென்சில் கோட்டைக் காட்டினேன். நானா அதை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ள, அந்தக் கோடு எண்டா வழக்குக்குத் தவணை கேக்கலாம். இந்தக் கோட்டுக்கிட்ட என்னத்தக் கேக்க?"

சில்லு

பாலத்தின் படம் வந்தபோது அதில் இரண்டு லொறிக்கு இடம் இருந்தது, ஒரு ஆளுக்கு இல்லை. எஞ்சினியரிடம் போனேன். படத்தை அவர் மேசையில் விரித்தேன். பாலத்தடியில் ஆட்களை இருத்தி, லொறி, பஸ், மாட்டுவண்டி, சைக்கிள் என்று சில்லில் உருளுகிற எல்லாம் எண்ணித்தான் அகலம் போட்டதாக அவர் விளக்கினார். நானும் தினம் போகிறேனே, என்னை ஏன் எண்ணவில்லை என்று கேட்டேன். அவர் கோபப்படாமல் சொன்னார்: "உங்களுக்குச் சில்லு இல்லையே, மிஸிஸ்."

குழாய்

பிறகு பாலத்தின் ஓரமாகத் தண்ணீர்க் குழாய் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தது. குழாயை மூடுகிற பலகைக்கு ஓரடி போதும் என்றார் எஞ்சினியர். குழாய் வெடித்தால் திருத்த வருகிறவன் எங்கே நிற்பான், லொறி வந்தால் குறடும் சுத்தியலும் உள்ள பையோடு எங்கே ஒதுங்குவான் என்று கேட்டேன். கேட்டுவிட்டு நகராமல் நின்றேன். அவர் பென்சிலை எடுத்து, ஓரடியை வெட்டி மூன்றடி என்று தானே எழுதினார். நடைபாதை கேட்டால் ஆயிரம் விளக்கம் கேட்கிற கொழும்புத் தலைமைக் கந்தோர், குழாய் மூடி என்றதும் ஒரு சொல் கேட்காமல் ஒப்பமிட்டு அனுப்பியது.

படம் திரும்பி வந்த அன்று ஓவசியர் அண்ணர் என் மேசைக்கு வந்து குனிந்து, மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, அந்த மூடியில நடந்து போக ஆரும் மறிச்சுக் கேட்டா, நீங்களும் பிள்ளையும் குழாய் எண்டு சொல்லுங்கோ."

வீதித் திட்டத்தில் மனிதருக்கு இடம் வேண்டுமென்றால், மனிதர் என்ற சொல்லை மட்டும் படத்தில் எழுதிவிடக் கூடாது.