கேமரா மட்டும் கேட்ட குரல்

வீடியோ எடுக்கிறவர்களுக்கு இரண்டு விதமான கஷ்டம் உண்டு: கேசட்டில் விழ வேண்டியது விழாமல் போவது ஒன்று, விழக்கூடாதது விழுந்துவிடுவது இன்னொன்று. கல்யாண மண்டபங்களில் தோள்பட்டை இறங்க நின்ற என் சக வீடியோக்காரர்களுக்கு இரண்டுமே பழக்கம்தான். எனக்கு மட்டும் இரண்டும் ஆகாயத்தில் நடந்தன.

எண்பதுகளின் கடைசியில் நானும் என் வீட்டுக்காரர் ஜெபராஜும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்தோம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை முதலாளியிடம் நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று இருந்தது. ஊருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் அதற்கென்று ஒரு மண் ஓடுதளமும் போட்டிருந்தார். நாற்பத்தைந்து வயதில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தார். சொல்லிக்கொடுத்தவர் கேப்டன் சங்கரலிங்கம், பட்டாளத்தில் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேலே படித்தது கீழே வந்ததும் மறந்துபோகிறது என்று முதலாளி குறைப்பட, பாடத்தை வீடியோ எடுத்து வைத்தால் வீட்டில் போட்டுப் பார்க்கலாமே என்று கேப்டன் யோசனை சொன்னார். அப்படித்தான் எங்களைத் தேடி ஆள் வந்தது.

பஞ்சுத் தராசு

முதல் நாள் கேப்டன் எங்கள் இருவரையும் மில்லில் பஞ்சுப் பொதி நிறுக்கும் தராசில் ஏறச் சொன்னார். ஜெபராஜ் தொண்ணூற்று நாலு கிலோ. கேமராவும் பேட்டரியும் வேறு. வெயில் நேரத்தில் அந்த மண் ஓடுதளத்திலிருந்து இவ்வளவையும் தூக்கிக்கொண்டு எழும்ப முடியாது என்று கேப்டன் கையை விரித்துவிட்டார். அடுத்து நான் ஏறினேன். நாற்பத்தாறு.

அதுவரைக்கும் கல்யாணங்களில் பெண் வீட்டார் பக்கம் படம் எடுப்பதுதான் என் வேலை. ஆகாயத்துக்குப் போவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து எடையைக் குறைத்துக்கொண்டு வருகிறேன் என்று ஜெபராஜ் கெஞ்சினார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று நான் உள்ளதைச் சொன்னேன். கேப்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பட்டினி கெடந்து வாரவரைக் காட்டியும் பயந்து வாரவங்க தேவலை. அவங்களையே ஏத்துவோம்."

முதல் கேசட்

கேமரா ஆடாமல் இருக்கட்டும் என்று ஜன்னல் சட்டத்தில் முட்டுக்கொடுத்துப் பிடித்தேன். விமானத்தின் நடுக்கம் முழுக்கப் படத்தில் இறங்கிவிட்டது. கைகாலைத் தளர விட்டு, கேமராவை உடம்போடு அணைத்துப் பிடித்தால்தான் நடுக்கத்தை உடம்பு வாங்கிக்கொள்ளும் என்பது இரண்டு கேசட் வீணான பிறகுதான் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் மஞ்சள் சேலையும் படத்தில் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு கறுப்புச் சேலைதான்.

சத்தம்தான் பெரிய பாடு. இன்ஜின் இரைச்சலைத் தவிர ஒன்றும் பதிவாகவில்லை. முன்னால் இருவரும் வாயை அசைத்தார்கள், அவ்வளவுதான். முதலாளி பொறுமையாகக் கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு சொன்னார்: "என் மில்லுக்குள்ள கேமராவை வச்சிருந்தாலும் இதே சத்தம்தான் கேட்டிருக்கும். இதுக்கு எதுக்கும்மா மேல போனீங்க?"

ஜெபராஜ் போட்ட ஒயர்

ஜெபராஜ் டேப் ரெக்கார்டர் ரிப்பேரில் கெட்டிக்காரர். விமானத்தில் பேசுகிறவர்கள் காதில் மாட்டும் ஹெட்செட்டைப் பார்த்தார். அதில் போகிற பேச்சை அப்படியே எடுத்துவிட்டால் இன்ஜினோடு மல்லுக்கு நிற்க வேண்டாமே என்றார். ஹெட்செட் செருகும் இடத்திலிருந்து ஒரு கிளை ஒயர் இழுத்து, சத்தத்தைக் குறைக்க நடுவில் ஒரு ரெசிஸ்டர் பற்றவைத்து, கேமராவின் மைக் துளையில் சேர்த்தார்.

அடுத்த கேசட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. கேப்டன் முதலாளியைத் திட்டியதும் விழுந்தது. உயரத்தைப் பாருங்கள், மூக்கைத் தூக்காதீர்கள், சத்தமாகப் பதில் சொல்லுங்கள் என்று ஒரு மணி நேரம். முதலாளி அதைத் தன் வீட்டுக் கூடத்தில் போட்டபோது நாங்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மனைவி மட்டும் அசையாமல் பார்த்தார். முடிந்ததும் முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவரை ஒருத்தர் வையலாம், அதை அவர் உக்காந்து கேப்பார்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

வன்னியம்பட்டி வேப்பமரம்

இடையில் ஒரு நாள், மேலிருந்து எடுத்த படத்தில் தன் காடும் இருப்பதாகக் கேள்விப்பட்டு வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். அவருக்கும் அண்ணனுக்கும் வரப்புத் தகராறு. படத்தை நிறுத்தச் சொல்லி, வேப்பமரம் தன் பக்கம் நிற்பதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மறுநாள் அண்ணனையும் கையோடு கூட்டிவந்து அதே இடத்தில் நிறுத்தச் சொன்னார். அண்ணன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஏலே, நெழலு பூராவும் எம் பக்கம்லா கெடக்கு" என்றார்.

ஓடுதளத்தில் ஆடு

மில்லின் வெள்ளி விழாப் படத்துக்காகக் கேப்டனும் நானும் மட்டும் ஒரு சாயங்காலம் மேலே போனோம். அவர் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். எனக்கும் ஒரு ஹெட்செட் இருந்தது. ஆனால் அதை மாட்டினால் கேமராவில் கண் ஒட்டாது. கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, ஒயரை மட்டும் கேமராவில் செருகினேன். ஆக, கீழே ஓடுதளத்திலிருந்து ரேடியோவில் வருவது கேப்டனுக்கும் கேமராவுக்கும் மட்டும்தான்.

இறங்கும்போது வெயில் நேர் கண்ணில் அடித்தது. தரை நெருங்கி வந்தது. திடீரென்று விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. சக்கரத்துக்குக் கீழே ஆடுகள் சிதறி ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேப்டன் ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி இறக்கினார். சக்கரம் மண்ணைத் தொட்டதே தெரியவில்லை.

ஓடுதளத்தில் ரேடியோ செட்டோடு நிற்கிறவர் மாடசாமி. மூச்சிரைக்க ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. கேப்டன் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். மாடசாமி செட்டின் மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பேட்டரி போயிருச்சு போல சார். நான் கத்துனது ஒண்ணும் உங்களுக்கு வரலை."

பேட்டரி போகவில்லை

மறுநாள் காலையில் கேசட்டைப் போட்டோம். மாடசாமியின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது. "சார், ஆடு கெடக்கு. எறங்காதீய. ஒரு சுத்து சுத்திட்டு வாங்க." மூன்று தடவை சொல்கிறார். மூன்றாவது தடவை குரல் உடைந்துபோகிறது. அதன் நடுவிலேயே கேப்டன் நிதானமாக என்னிடம் கேட்கிறார், மில் சிம்னி நல்லா விழுந்ததா என்று.

ஜெபராஜ் என்னைப் பார்த்தார். நான் பழைய பாடக் கேசட்டுகளை எடுத்துப் போட்டேன். முதலாளி பதில் சொன்ன இடத்திலெல்லாம் கேப்டன் சத்தமாகச் சொல்லுங்கள் என்று அதட்டுகிறார். கண்டிப்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மாடசாமி பேசுகிற இடத்தில் நாதஸ்வரத்தைப் போட்டு மூடிவிடலாம் என்றார் ஜெபராஜ். எனக்கும் அது சரி என்றே பட்டது, ஒரு பத்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை முதலாளி தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கேப்டனோடு மேலே அனுப்புவதாக இருந்தது. இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஜெபராஜ் பட்டனிலிருந்து கையை எடுத்தார். கேசட்டை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். "முதலாளிட்ட போகாத. அவர்ட்டயே போ. அவரு காது, அவருக்குத்தான் மொதல்ல தெரியணும்" என்றார்.

கேப்டன் வீட்டில்

ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். இறங்கினதைப் பாருங்கள் சார் என்று மட்டும் சொன்னேன். அவர் வீடியோ டெக்கில் கேசட்டைப் போட்டார். மாடசாமி பேசிய இடம் வந்தது, போனது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் திருப்பி ஓட்டினேன். சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். இன்னும் என்றார். முழுக்கக் கூட்டினேன். டி.வி. அதிர்ந்தது. அடுப்படியில் இருந்த அவர் மனைவி வாசற்படிக்கு வந்து நின்றார்.

கேப்டன் எழுந்து போய் டி.வி. பக்கத்தில் உட்கார்ந்து, வலது காதை ஸ்பீக்கரில் வைத்தார். இடது காதை வைத்தார். மறுபடி வலது. அப்புறம் அவரே கையை நீட்டி அணைத்தார். இதை யார் யார் கேட்டது என்றார். நானும் ஜெபராஜும் மட்டும் என்றேன்; அவர் கண் என் உதட்டிலேயே இருந்தது. தலையை ஆட்டினார். அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் மனைவிதான் பேசினார், அவரிடம் இல்லை, என்னிடம். "சாப்பிட வாங்கன்னு மூணு தடவை கூப்பிடுதேன். ஏரோப்ளேன் நெனப்புலயே இருக்காருன்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அதற்குப் பிறகு

கேப்டன் அன்றைக்கே கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றது. விமானத்துக்குத் தார்ப்பாய் போட்டார்கள். சில மாதம் கழித்து வெளியூரிலிருந்து வேறொருவர் சொல்லிக்கொடுக்க வந்தார். அவர் கேமராவை உள்ளே விடவில்லை. எங்களுக்கு ஆகாய வேலை அதோடு முடிந்தது.

மில்லில் சிலர் என் காதுபட, ஒரு மனுஷனை வீட்டில் உட்கார வைத்துவிட்டாள் என்று பேசினார்கள். மாடசாமி என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் தப்ப முடியாமல் எதிரெதிரே நின்றோம். "செட்டு நல்லாத்தான் இருந்துச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார். "அவியளைக் குத்தம் சொல்ல மனசு வரலை."

கேப்டன் இருக்கும் தெருப் பக்கமே நான் போகவில்லை. ஆறு மாதம் இருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வியூஃபைண்டருக்குள் அவர் வந்து நின்றார். காதுக்குப் பின்னால் ஒரு மிஷின் வைத்திருந்தார். கேமராவை இறக்கினேன். மேளச் சத்தம் குறையும்வரை அவர் காத்திருந்தார். சுகம் விசாரித்தார். அந்தக் கேசட்டில் ஒரு காப்பி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அவரே சொன்னார்: "அதுதான், எஸ்தர், என் கடைசி லேண்டிங். ரெண்டாந்தடவை நல்லா எறக்கினேன்லா?"

படத்தைப் பார்த்தால் போதும், பேச்சைக் கேட்க வேண்டாம் என்று வீடியோக்காரிக்கு யாராவது முன்னமே சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் மிஞ்சியிருக்கும், வேறு யார் யார் மிஞ்சியிருப்பார்கள் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.