நிறுத்தி வைத்த சர்வருக்கு ஒரு வழி

ஜூலியா கோலார் தங்கவயலில் பிறந்தவள். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்துபோய்ப் படித்து, கல்யாணத்துக்குப் பிறகு ஆடுகோடியில் குடியேறினாள். பொம்மனஹள்ளியில் ஒரு சோபா கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் வேலை. வாடிக்கையாளர்களின் சர்வர்களை கிளவுடில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி அது. வெளியிலிருந்து இன்ன போர்ட்டுக்கு, அதாவது இன்ன எண் வாசலுக்கு, வரும் இணைப்பை உள்ளே இன்ன சர்வருக்கு அனுப்பு என்று லோட் பேலன்சர் என்ற வழிகாட்டி மென்பொருளில் விதி எழுதிவைப்பது அவள் பொறுப்பு.

ஒருநாள் ஆனேக்கலிலிருந்து கோவிந்தப்பா போன் செய்தார். அங்கே ஒரு பைப் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர்.

"ஏம்மா, வீட்லேர்ந்தே எங்க சர்வர்ல நுழைய வழி வேணும். இன்னிக்கே வேணும். முதலாளி தலைமேல உக்காந்திருக்கார்."

ஜூலியா அவசர அவசரமாக விதியை எழுதினாள். சாயங்காலமே பாராட்டி மெயில் வந்தது. வழி பிரமாதமாக வேலை செய்கிறதாம். முதலாளிக்குப் பரம திருப்தியாம்.

அடுத்த மாதம் வேறெதற்கோ அந்த விதியைத் திறந்து பார்த்தாள். எப்போதோ நிறுத்தி வைத்த ஒரு பழைய சோதனை சர்வருக்கு இணைப்பைத் திருப்பிவிட்டிருந்தாள். அந்த வழியாக ஒரு ஈகூட உள்ளே போயிருக்க முடியாது. மூச்சு விடாமல் சரியான சர்வருக்கு மாற்றி, தானே நுழைந்தும் பார்த்தாள்.

மறுநாள் காலையிலேயே கோவிந்தப்பா கத்தினார்.

"என்னம்மா பண்ணி வெச்ச? யார் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பாக்கறான்னு சர்வர்லேர்ந்து மெயில் மேல மெயில் வருது! இத்தனை நாள் நிம்மதியா இருந்துச்சே!"

"திறந்த போர்ட்டை ஊர்ல இருக்கறவன் எல்லாம் தட்டிப் பாப்பான் சார். உங்க வீட்டு இன்டர்நெட்டோட ஐபி அட்ரஸ் குடுங்க, அதுலேர்ந்து மட்டும் விடற மாதிரி வெச்சிடறேன்."

"அதெல்லாம் பேடம்மா, வேணாம். முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிடு."

ஜூலியா மேனேஜர் அச்யுத்திடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னாள். "முன்னாடி அது ஆஃப் பண்ணி வெச்ச மெஷினுக்குத்தான் போச்சு சார். யாருமே உள்ள போயிருக்க முடியாது."

"அது அப்படி இருந்தப்ப கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பண்ணாரா?"

"இல்ல சார். தேங்க்ஸ் சொன்னாரு."

"அப்ப அதுதானே சரியான செட்டிங்?"

பழையபடியே மாற்றினாள். மத்தியானத்துக்குள் இன்னொரு பாராட்டு மெயில் வந்தது. அந்த வருஷம் அவளைப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவியாக்கினார்கள்.

விஷயத்தைக் கேட்ட அவள் கணவன் யேசுதாஸ் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தான். ஜூலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதெல்லாம் எழுதும் ஒவ்வொரு விதியையும் தானே நுழைந்து பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறாள். கோவிந்தப்பாவுடையதை மட்டும் தொடுவதில்லை.